தரைச் சட்டங்களை மாற்றுவதற்கு முன்: கிரால் ஸ்பேஸில் பூச்சிகளை ஒழிக்க வேண்டிய முறையும் வரிசையும்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வீடு வாங்கும் தமிழர்களில் பலர், தாங்கள் நடக்கப்போகும் தரைக்குக் கீழே கிரால் ஸ்பேஸ் எனப்படும் இருட்டான ஒரு வெற்றிடம் இருப்பதை வீட்டுப் பரிசோதகரின் அறிக்கையில்தான் முதன்முறையாக அறிகிறார்கள். கடைக்கால் எடுத்து, மண் நிரப்பித் திமிசு போட்டு, அதன்மேல் தளம் இடும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிது. நார்த் கரோலினாவின் கேரி, மோரிஸ்வில், சார்லட் வட்டாரங்களிலும் ஜார்ஜியாவின் அட்லாண்டா புறநகர்களிலும் உள்ள பழைய வீடுகள் பலவற்றில், அஸ்திவாரச் சுவர்களின் மேல் சில் பிளேட் எனப்படும் அடிமரம் படுத்திருக்கும். நடுவில் செங்கல் அல்லது கான்கிரீட் பிளாக் தூண்கள் கர்டர் எனப்படும் உத்திரத்தைத் தாங்கும். இவ்விரண்டின் மேலும் ஜாயிஸ்ட் எனப்படும் தரைச் சட்டங்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். மண்ணுக்கும் இந்த மரங்களுக்கும் இடையே ஒருவர் தவழ்ந்து போகுமளவுக்கே இடம் இருக்கும்.

அங்கே மரம் அரித்திருப்பது தெரிந்தவுடன் தச்சரை அழைத்துச் சட்டத்தை மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் வருகிறது. புதுமனைப் புகுவிழாவுக்கு நாள் குறித்துவிட்டால் அந்த அவசரம் இரட்டிப்பாகும். ஆனால் அரித்தவை எவை, அவை இன்னும் உயிரோடு இருக்கின்றனவா, அவற்றை அங்கே வரவழைத்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் போடப்படும் புதிய மரம், அதே பூச்சிகளுக்கு வைக்கப்படும் அடுத்த வேளை உணவாகவே ஆகிவிடும். அது மட்டுமன்று. பழைய சட்டத்தின் பக்கவாட்டில் புதிய சட்டத்தை ஒட்டிப் போல்ட் போட்டுவிட்டால், பழையதன் அந்தப் பக்கத்தில் மருந்து தெளிக்கவும் முடியாது, அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது. எனவே, இடிந்து விழும் நிலையில் உள்ள பகுதிக்குத் தற்காலிக முட்டுக் கொடுப்பதைத் தவிர, வேறெந்த மரவேலையும் பூச்சி ஒழிப்புக்கு முன் தொடங்கக் கூடாது.

உள்ளே இறங்கும்போது

முழுக்கை மேலுடை, முழங்கால் பட்டை, தடித்த கையுறை, முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 சுவாசக் கவசம், தலையில் கட்டும் விளக்கு ஆகியவை இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. வெளியே ஒருவர் காத்திருப்பதும் அவசியம். தண்ணீர் தேங்கியிருந்தாலோ, மின்கம்பிகள் தொங்கினாலோ, கழிவுநீர் வாடை வந்தாலோ, அவற்றைச் சரிசெய்த பிறகே இறங்க வேண்டும். இந்த மாநிலங்களில் காப்பர்ஹெட் பாம்பும் பிளாக் விடோ சிலந்தியும் இத்தகைய இடங்களில் தங்குவது உண்டு. ஆகவே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை நீட்டக் கூடாது. கறையானுக்காக ஒரு காலத்தில் ஏராளமாகப் பயன்படுத்தப்பட்ட குளோர்டேன் என்னும் மருந்து 1988இல் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டது. அது மண்ணில் பல்லாண்டு தங்கக்கூடியது என்பதால், அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் மண்ணை வெறுங்கையால் கிளறுவதைத் தவிர்க்க வேண்டும்.

கம்பளிபோல் தொங்கும் இன்சுலேஷனுக்குள் எலிப் புழுக்கை நிறைந்திருந்தால், அதை உலர்ந்த நிலையில் பெருக்கவோ வாக்குவம் போடவோ கூடாது. எலிகளின் எச்சத்திலிருந்து பறக்கும் தூசு ஹான்டா வைரஸைப் பரப்பக்கூடும். கதவையும் துவாரங்களையும் அரை மணி நேரம் திறந்துவைத்துக் காற்றோட்டம் ஏற்படுத்தி, ஒரு பங்கு பிளீச்சை ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து எச்சம் நன்றாக நனையும்படி தெளித்து, ஐந்து நிமிடமாவது ஊறவிட்ட பிறகு, ஈரத் துணியால் துடைத்தெடுத்துப் பையில் கட்டி அகற்ற வேண்டும்.

முதல்முறை இறங்கும்போது எதையும் சுத்தம் செய்யக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மண்குழாய்களைத் தட்டிவிடுவதும், மரத்தூளைக் கூட்டி அள்ளுவதும் தடயங்களை அழிப்பதற்கு ஒப்பாகும். பரிசோதகர் வந்து பார்த்து, படம் எடுத்து, வரைபடத்தில் குறிக்கும்வரை எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும்.

அரித்தது எது என்று கண்டறிதல்

இந்த வட்டாரத்தில் மிகப் பெரிய சேதத்தைச் செய்வது மண்ணுக்குள் வாழும் கறையான். இது மண்ணில் கூட்டம் அமைத்து, அஸ்திவாரச் சுவரின் மீதும் தூண்களின் மீதும் கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம்வரை அகலமுள்ள மண்குழாய்களைக் கட்டிக்கொண்டு மேலேறும். மரத்தின் மென்மையான வளையங்களை ரேகையின் போக்கிலேயே தின்று, கெட்டியான வளையங்களை ஏடு ஏடாக விட்டுவைக்கும். தின்ற பாதையில் மண் அப்பியிருக்கும். மேற்பரப்பு முழுதாக இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கூர்மையான திருப்புளியால் குத்தினால் முனை தடையின்றி உள்ளே இறங்கும். கைப்பிடியால் தட்டினால் பொள்ளலான ஓசை எழும். வசந்த காலத்தில் ஈசல் வீட்டுக்குள் புறப்பட்டால் ஐயத்துக்கே இடமில்லை. ஈசலின் நான்கு இறக்கைகளும் ஒரே நீளத்தில் இருக்கும், இடுப்பு ஒடுங்கியிருக்காது. இறக்கை முளைத்த எறும்புக்கோ முன்னிறக்கை நீண்டும், இடுப்பு ஒடுங்கியும், உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியும் இருக்கும்.

லூசியானாவிலும் சவுத் கரோலினாவின் கடலோரத்திலும் ஃபார்மோசன் கறையான் என்ற இன்னொரு வகை உண்டு. இதன் கூட்டம் மிகப் பெரியது. ஈரம் தொடர்ந்து கிடைத்தால் மண்ணின் தொடர்பே இல்லாமல் சுவருக்குள்ளேயே கூடு கட்டிவிடும் என்பதால், மண்ணில் மட்டும் மருந்திடுவது இதற்குப் போதாமல் போகலாம்.

கார்ப்பென்டர் எறும்பு மரத்தைத் தின்பதில்லை. கூடு வைப்பதற்காகக் குடைகிறது. குடைந்த பாதை உப்புத்தாள் தேய்த்ததுபோல் மழமழப்பாகவும் மண் இல்லாமலும் இருக்கும். கீழே விழுந்து கிடக்கும் நார்த்தூளில் பூச்சிகளின் உடல் துண்டுகள் கலந்திருக்கும். ஏற்கெனவே நனைந்து இளகிய மரத்தையே இது பெரும்பாலும் தேடி வரும். தலைமைக் கூடு பெரும்பாலும் வெளியே ஒரு பட்ட மரத்திலோ வேர்க்கட்டையிலோ இருக்கும். வீட்டில் இருப்பது கிளைக்கூடாக இருக்கக்கூடும். எனவே வெளியே தேடாமல் உள்ளே மட்டும் மருந்தடிப்பதால் பயன் குறைவு.

மரத்தை உளுக்கச் செய்யும் வண்டுகள் மூன்றாவது வகை. கிரால் ஸ்பேஸில் பைன் மரச் சட்டங்களைத் தாக்குபவை பெரும்பாலும் அனோபியிட் குடும்பத்து வண்டுகள். அவை வெளியேறிய துளைகள் வட்டமாக, பதினாறில் ஒரு பங்கு முதல் எட்டில் ஒரு பங்கு அங்குல அளவில் இருக்கும். உதிரும் தூளை விரலிடையே தேய்த்தால் நறநறக்கும். முகப்பூச்சு மாவைப்போல் மிருதுவாக இருந்தால் அது லிக்டிட் வண்டு. அது கெட்டி மரங்களைத்தான் நாடும் என்பதால் பைன் சட்டங்களைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. துளைகள் இருப்பதாலேயே வண்டு இன்னும் இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. துளைகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டு, பழைய தூளை அகற்றி, நாளைக் குறித்துவைத்து, வசந்தமும் கோடையும் கழிந்தபின் புதிய துளைகளோ வெளிர்நிறத் தூளோ தோன்றியிருக்கின்றனவா என்று பார்ப்பதே நம்பகமான வழி. பல ஆண்டுகளுக்கு முன் ஓய்ந்துபோன தாக்குதலுக்காக ஆயிரக்கணக்கான டாலர் செலவிட்டவர்கள் உண்டு.

பூஞ்சை அழுகலையும் பிரித்தறிய வேண்டும். மரம் பழுப்பாகி, குறுக்கும் நெடுக்கும் வெடித்துச் சிறு சிறு கட்டங்களாகப் பிளந்திருந்தால் அது பூஞ்சையின் வேலை. அதற்குப் பூச்சிமருந்து பயன்படாது. உள்ளே நுழைந்தவுடன் துள்ளிப் பாயும் நீண்ட கால் சில்வண்டுகள் பலரை அச்சுறுத்தும். அவை மரத்துக்குத் தீங்கு செய்வதில்லை, ஆயினும் அங்கே ஈரம் மிகுந்திருக்கிறது என்பதற்கு அவையே அறிகுறி.

ஈரத்தை நிறுத்துதல்

இந்தப் பணி முழுவதிலும் மிகுந்த பலன் தருவதும், மிகக் குறைவாக மதிக்கப்படுவதும் இதுதான். இரண்டு ஊசிகள் உள்ள ஈரமானியை வாங்கி, சில் பிளேட், உத்திரம், சட்டங்களின் முனைகள், குளியலறைக்குக் கீழ் உள்ள பகுதி ஆகிய இடங்களில் அளந்து, அளவுகளைச் சட்டத்தின் மீதே எழுதிவைக்க வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் நின்றால் அழுகல் பூஞ்சை வளராது. 13 அல்லது 14 சதவீதத்துக்கும் கீழே இறங்கி அங்கேயே நிலைத்தால் அனோபியிட் புழுக்களால் பிழைக்க முடியாது. மருந்தே இல்லாமல் வண்டுகளின் பெருக்கத்தை அடக்கக்கூடிய வழி இது.

ஈரம் வரும் வழிகளை வெளியிலிருந்து தொடங்கித் தேட வேண்டும். கூரைக் குழாய்கள் மழைநீரை அஸ்திவாரத்தின் அடியிலேயே கொட்டுகின்றனவா, வீட்டைச் சுற்றியுள்ள நிலம் முதல் பத்து அடிக்குள் ஆறு அங்குலமாவது வெளிப்புறமாகச் சரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு உள்ளே வந்து, குழாய்க் கசிவு, ஏசி எந்திரத்தின் நீர் வடிகுழாய், துணி உலர்த்தியின் வெளியேற்றுக் குழாய் கழன்று உள்ளேயே ஆவியை விடுவது ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இவை அனைத்தும் சரியாக இருந்தும் மரம் நனைந்தே இருந்தால், காரணம் பெரும்பாலும் அஸ்திவாரச் சுவரில் உள்ள காற்றுத் துவாரங்களே. தென்கிழக்கின் கோடைக் காற்றில் நீராவி மிக அதிகம். அது உள்ளே வந்து, ஏசி ஓடுவதால் குளிர்ந்திருக்கும் குழாய்கள் மீதும் தரையின் அடிப்பக்கத்தின் மீதும் பட்டு நீராகப் படிகிறது. துவாரத்தைத் திறந்துவைத்தால் உலரும் என்ற பழைய நம்பிக்கை அங்கே கோடையில் பொய்த்துவிடுகிறது. துவாரங்களை அடைத்து, மண்ணைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, ஈர உறிஞ்சி எந்திரம் வைக்கும் மூடிய கிரால் ஸ்பேஸ் முறை நார்த் கரோலினாவில் பரவியதற்கு இதுவே காரணம். ஆனால் அந்த விரிப்பையும் மூடலையும் இப்போதே செய்துவிடக் கூடாது. மருந்திடுவதும் மரவேலையும் முடிந்த பிறகே செய்ய வேண்டும்.

இதே கட்டத்தில், கட்டட வேலையின்போது விட்டுச்சென்ற பலகைத் துண்டுகள், வேர்க்கட்டைகள், அட்டைப் பெட்டிகள் அனைத்தையும் வெளியேற்ற வேண்டும். கறையானுக்கு அவையே முதல் விருந்து.

மருந்திடுதல்

மண்ணில் கறையான் மருந்திடுவதை உரிமம் பெற்ற நிறுவனத்திடமே விட வேண்டும். நார்த் கரோலினாவில் இவ்வுரிமங்களை மாநில வேளாண் துறை வழங்கிக் கண்காணிக்கிறது. அஸ்திவாரச் சுவரின் உட்புறமும் வெளிப்புறமும், ஒவ்வொரு தூணைச் சுற்றியும் சிறு பள்ளம் வெட்டி, பத்து அடி நீளத்துக்கு, ஓர் அடி ஆழத்துக்கு நான்கு காலன் என்ற கணக்கில் மருந்துக் கரைசலை ஊற்ற வேண்டும் என்பது வழக்கமான அளவு. பொள்ளலான பிளாக் சுவராக இருந்தால் பிளாக்கின் உள்வெளிகளிலும் துளையிட்டுச் செலுத்த வேண்டும். மண் நிரப்பிக் கட்டப்பட்ட முன்வாசல் திண்ணையும் படிகளும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும் இடங்கள். அவற்றின் கீழுள்ள மண், சில் பிளேட்டின் உயரத்துக்கே வந்து மரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதால், கறையான் யார் கண்ணிலும் படாமல் அவ்வழியே நுழையும். நிறுவனம் தரும் வரைபடத்தில் அந்தத் திண்ணை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கிணறு இருந்தாலும், ஏசி குழாய்கள் கிரால் ஸ்பேஸ் வழியாகச் சென்றாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் கறையானை விரட்டுவதில்லை. கறையான் அறியாமலே மருந்திட்ட மண்ணின் வழியே சென்று, மெதுவாகச் சாவதற்குள் கூட்டத்தின் மற்றவற்றுக்கும் மருந்தைப் பரப்பிவிடும். பைஃபென்த்ரின் போன்றவை விரட்டும் வகை. ஒரு சிறு இடைவெளி விட்டாலும் கறையான் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். தாக்குதல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வீட்டுக்கு முதல் வகையே ஏற்றது என்பது என் கருத்து. வீட்டைச் சுற்றி மண்ணில் பெய்ட் எனப்படும் நச்சு இரை வைத்த பெட்டிகளைப் புதைக்கும் முறையும் கூட்டத்தை அழிக்கும். கிணறு மிக அருகில் இருக்கும் வீடுகளுக்கு அது தக்க வழி. ஆனால் பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும்.

மரத்துக்கு இடும் மருந்து, போரான் உப்பான போரேட். இது மண் மருந்துக்கு மாற்றன்று, துணை. வண்ணமோ வார்னிஷோ பூசாத மரத்தில்தான் இது உள்ளிறங்கும்; மரம் தூசும் மண்ணும் இல்லாமல் துடைக்கப்பட்டிருக்க வேண்டும். சில் பிளேட், உத்திரத்தின் எல்லாப் பக்கங்கள், சட்டங்களின் முனைகள் ஆகியவற்றில் இரண்டு முறை தெளித்தால், கறையான், வண்டு, அழுகல் பூஞ்சை மூன்றுக்கும் எதிராகப் பல ஆண்டுகள் காக்கும். தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும் தன்மை இதற்கு உண்டு என்பதால், ஈரத்தை நிறுத்தாமல் போரேட் அடிப்பது பணத்தை மண்ணில் ஊற்றுவதாகும்.

வீட்டைக் கூடாரமாக மூடி நச்சுப்புகை இடுவதை யாரேனும் பரிந்துரைத்தால், எந்தப் பூச்சிக்கு என்று கேட்க வேண்டும். மரத்துக்குள்ளேயே வாழும் பூச்சியை அது கொல்லும். மண்ணில் கூட்டம் வைத்திருக்கும் கறையானை அது எட்டாது. புகை கலைந்த பின் எந்தப் பாதுகாப்பும் மிஞ்சாது.

எலிகளுக்கு நஞ்சு வைப்பதைவிடப் பொறி வைப்பதே மேல். நஞ்சுண்ட எலி சுவரிடுக்கில் செத்து நாறும். சுண்டெலி கால் அங்குல இடைவெளியிலேயே நுழைந்துவிடும் என்பதால், பொறியில் எதுவும் விழாத நிலை வந்த பிறகு, குழாய் நுழையும் துளைகளையும் உடைந்த துவாரங்களையும் கால் அங்குலக் கம்பி வலையால் அடைக்க வேண்டும். கடிபட்ட மின்கம்பிகளை மின் பணியாளர் பார்க்காமல் மரவேலை தொடங்கக் கூடாது.

எப்போது மரவேலையைத் தொடங்கலாம்

மண் மருந்து இட்டபின், பழைய மண்குழாய்கள் சிலவற்றில் மட்டும் நடுவே ஓர் அங்குலம் உடைத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். உடைத்த இடத்தை மீண்டும் மண்ணால் பூசியிருந்தால் கறையான் இன்னும் உயிரோடு இருக்கிறது. கூட்டம் முற்றிலும் அடங்க மூன்று மாதங்கள்வரைகூட ஆகலாம். அடங்கியது உறுதியான பின் பழைய குழாய்கள் அனைத்தையும் சுரண்டி அகற்றிவிட்டால், பிறகு தோன்றும் ஒவ்வொரு குழாயும் புதியது என்பது ஐயமின்றித் தெரியும். ஈரமானியின் அளவும் அதற்குள் 20 சதவீதத்துக்குக் கீழ் வந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறும்வரை, தளர்ந்த தரையைத் தற்காலிக முட்டுகளே தாங்கட்டும்.

சேதமடைந்த எல்லாச் சட்டங்களையும் கழற்ற வேண்டியதில்லை. திருப்புளி இறங்கும் ஆழத்தைக் கொண்டு, மேலோட்டமாக அரிக்கப்பட்டவற்றைப் போரேட் இட்டு விட்டுவிடலாம். வலுவிழந்தவற்றின் பக்கத்தில் புதிய சட்டத்தை இணைக்கலாம். அப்படி இணைக்கும் சட்டம் இரு முனைகளிலும் தாங்கிகளின் மீது அமர வேண்டும், நடுவில் ஒட்டுத் துண்டாகத் தொங்கக் கூடாது. இணைப்பதற்கு முன் இரண்டு முகங்களிலும் போரேட் தெளித்து உலரவிட வேண்டும். அதற்குரிய ஒரே வாய்ப்பு அதுதான். தாழ்ந்துபோன தரையை ஜாக்கியால் உயர்த்தும்போது நாளொன்றுக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்கு மேல் போகாமல் இருந்தால், மேலே உள்ள சுவர்ப்பூச்சு வெடிக்காது. சில் பிளேட்டை மாற்றினால் அழுத்தமுறையில் மருந்தேற்றிய மரத்தையே பயன்படுத்த வேண்டும். அதை வெட்டிய முனைகளில் காப்பர் நாப்தனேட் என்னும் மரக்காப்பு மருந்தைப் பூசவும், ஹாட் டிப் கால்வனைஸ் செய்த அல்லது துருப்பிடிக்காத எஃகு ஆணிகளை மட்டுமே அடிக்கவும் வேண்டும். கட்டமைப்பு மரங்களை மாற்றுவதற்குப் பெரும்பாலான ஊர்களில் அனுமதி தேவைப்படும்.

பலர் தவறவிடும் ஒன்று இங்கே இருக்கிறது. புதிய தூணுக்காகவோ ஜாக்கிக்காகவோ மண்ணைத் தோண்டினால், அங்கே இட்ட கறையான் மருந்தின் தடுப்பு அறுந்துவிடுகிறது. எனவே புதிய தூண்கள் தேவை என்பது முன்பே தெரிந்திருந்தால், அவற்றின் குழிகளைத் தோண்டிக் கான்கிரீட் போட்ட பிறகே மண் மருந்தை இடச் சொல்ல வேண்டும். அவ்வாறு முடியாவிட்டால், தோண்டிய இடங்களில் மட்டும் மீண்டும் மருந்திடுவதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். தச்சரும் பூச்சி ஒழிப்பவரும் தனித்தனி நிறுவனங்களாக இருப்பதால், இதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்காரரே சொல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்த பின்பே பிளாஸ்டிக் விரிப்பு. சுவர்களில் இன்சுலேஷன் ஒட்டும்போது, அதன் மேல்விளிம்புக்கும் சில் பிளேட்டுக்கும் இடையே மூன்று அங்குலச் சுவர் வெறுமையாகத் தெரியும்படி விட வேண்டும். மண்குழாய் ஏறினால் அந்தப் பட்டையில்தான் கண்ணுக்குப் படும். சில் பிளேட்டின் மீது ஸ்பிரே ஃபோம் அடிக்க யாரையும் அனுமதிக்கக் கூடாது, ஏனெனில் அதற்குப் பிறகு எந்தப் பரிசோதகராலும் அங்கே எதையும் பார்க்க முடியாது.

வழக்கமான வீட்டுக் காப்பீடு கறையான் சேதத்தை ஏற்பதில்லை. அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது டெர்மைட் பாண்ட் எனப்படும் ஆண்டு ஒப்பந்தம். அதில் இரு வகை உண்டு: கறையான் திரும்ப வந்தால் மருந்து மட்டும் இடுவது ஒன்று, புதிய சேதத்தைப் பழுதுபார்த்துத் தருவது மற்றொன்று. இரண்டாவது வகை வேண்டுமென்றால், மரவேலை முடிந்தபின் எடுத்த படங்களையும், தேதியிட்ட ஈர அளவுகளையும், மருந்திட்ட வரைபடத்தையும் கையெழுத்திடும் நாளிலேயே ஒப்பந்தத்தோடு இணைத்துவிட வேண்டும். பின்னாளில் சேதம் தென்பட்டால், அது பழையதா புதியதா என்ற வழக்கில் வீட்டுக்காரரின் பக்கம் பேசும் ஆவணங்கள் அவையே.